கூடுதலாக ஒரு மணி நேரம்

1. என் தம்பி, வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்கும் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தான்.
2. வாரம் ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதி, கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட வேண்டியிருந்தது.
3. அவன் வாயால் சொன்னான், நான் தட்டச்சு செய்தேன்.
4. ஆண்டுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டு விண்ணப்பித்தான்.
5. கல்லூரி மறுத்துவிட்டது.

ஐந்தாவது நடந்ததற்குக் காரணம் மூன்றாவது.

அவனுக்கு டிஸ்லெக்சியா. நான் மூன்று நிமிடத்தில் படிக்கும் பக்கத்துக்கு அவனுக்கு இருபது நிமிடம் ஆகும். ஆனால் விஷயம் தெரியும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்ததால், புவியியல் கேள்வி வந்தால் உற்சாகமாகிவிடுவான். "ஆத்துல மண்ணு சேர்ந்துட்டே இருக்கு தீதி, பெரிய கப்பல் எப்படி வரும்?" என்பான். கொல்கத்தாவில் பிறந்தவன், என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை, தீதிதான்.

முதல் மாதம் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். பிறகு வாக்கியங்களை மாற்றினேன். பூஜை விடுமுறைக்குப் பிறகு, அவன் சொல்லாத காரணங்களையும் சேர்த்தேன். மென்பொருள் நிறுவனத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைச் சீராக்குவதுதான் என் வேலை. கை நிற்கவில்லை. 'தெளிவான நடை' என்று ஆசிரியர் குறிப்பு எழுதியபோது எனக்குப் பிடித்திருந்தது.

"உனக்குத்தான் பாராட்டு. எனக்கு ஸ்வீட் கடையில ரெண்டு சந்தேஷாவது வாங்கிட்டு வா," என்றான்.

மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. மாணவர் ஆண்டு முழுவதும் சமர்ப்பித்த பதில்களில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. மருத்துவச் சான்றிதழோ பள்ளிக்காலத்தது என்றிருந்தது. நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவை படி." படித்தேன். "அவ்வளவு நல்லா எழுதறேனா நான்?" என்று சிரித்தான். பிறகு, "சொல்லிடு தீதி. நீதான் எழுதினேன்னு."

"சொன்னா வருஷம் முழுக்க வாங்கின மார்க் போயிடும்டா."

"போகட்டும். டைம் கிடைக்கும்ல?"

நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் சொன்னால் வரும் நஷ்டங்கள், வலப்பக்கம் லாபங்கள். இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஒன்று. எனக்கு அவமானம் என்பதை எந்தப் பக்கமும் எழுதவில்லை. பட்டியலையும் நானே படித்துக் காட்டினேன், நான் விரும்பிய வரிசையில். அவன் கேட்டுவிட்டு, "சரி, உனக்குத் தெரியும்," என்றான்.

தேர்வு மையம் காளிகாட்டில். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் ஒன்றாகப் போனோம். மூன்று மணி நேரம் வாசலில் நின்றேன். மற்றவர்களோடு அவனும் வெளியே வந்தான்.

"எத்தனை எழுதின?"

"அஞ்சுல மூணு. நாலாவது கேள்வியைப் படிச்சு முடிச்சேன், பேப்பரை வாங்கிட்டாங்க."

"பதில் தெரியுமா?"

"தெரியும்."

இரண்டு தாள்களில் தோற்றான். அடுத்த ஆண்டுக்கு அவன் பதிவு செய்யவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தியிருந்தால் காரணத்தைப் பேச வேண்டியிருக்கும்.

இப்போது சாந்த்ராகாச்சியில் ஒரு லாரி நிறுவனத்தில், சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்கிறான். பட்டம் இல்லை. கல்லூரிக்கு நான் எழுதவே இல்லை.