விருந்தில் சாப்பிடாத தோலோகோன்

தோக்மோக் ஊரில் கல்யாணம் நிச்சயமானால், முதலில் தோலோகோனுக்குத்தான் போன் போகும். விருந்தை நடத்திவைப்பது அவர் தொழில். மைக்கைப் பிடித்தால் ஐந்து மணி நேரம் கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும். யார் எப்போது வாழ்த்த வேண்டும், எந்தச் சம்பந்திக்கு எந்த இறைச்சித் துண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆனால் விருந்து முடிகிறவரை அவர் வாயில் தேநீர் தவிர எதுவும் போகாது. கேட்டால், “பேசுற வாய்க்குத் தீனி எதுக்கு?” என்பார்.

விஷயம் அதுவல்ல. மூன்று வருஷத்துக்கு முன் அவர் நல்ல பருமன். ஒரு விருந்தில் கல்யாணப் பெண்ணின் மாமன், “ஆடு பத்தலைன்னா என்ன, நம்ம தோலோகோன் இருக்காரே! அறுத்தா நாலு குடும்பத்துக்குத் தாங்குவாரு” என்றார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் தோலோகோன்தான். மறுநாளே தட்டைத் தள்ளிவிட்டு மோரும் வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு கிலோ இறங்கியது. ஊரே மெச்சியது.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. விருந்தில் மிஞ்சியதைப் பையில் கட்டிக்கொடுப்பார்களே, அந்தப் பையோடு கால்வாய்க் கரைக்குப் போய்க் காரை நிறுத்துவார். இறைச்சி, பொரித்த மாவுருண்டை, மிட்டாய் எல்லாம் கால் மணியில் காலியாகும். ருசிகூடத் தெரியாது. நிறுத்தவும் முடியாது. முடிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்னும். அடுத்த இரண்டு நாள் பட்டினி. பட்டினி முடிந்தால் மறுபடி கால்வாய்க் கரை.

புருஷன் வீடு திரும்பத் தாமதமானால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? அவர் மனைவி ஊல்கானுக்கும் அதேதான் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தம்பியின் காரில் பின்னாலேயே போனாள். கதவை வெடுக்கென்று திறந்தாள்.

“எங்க அவ?”

வாய் நிறைய இறைச்சியோடு தோலோகோன் விழித்தார். மடியில் எலும்பு. கன்னத்தில் கண்ணீர்.

ஊல்கான் பின் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏங்க, நான் சமைக்கிறது அவ்வளவு மோசமாவா இருக்கு?”

அவர் மென்று விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒருத்தி இருந்திருந்தா தலைமுடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ஆட்டுத்தொடையை என்னன்னு இழுக்கிறது?” என்றாள் ஊல்கான். அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளூர் வைத்தியர், “வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார். கட்டிக் கட்டித்தானே இந்த நிலை! ஊல்கான் விடவில்லை. விசாரித்துத் தலைநகர் பிஷ்கெக்கில் மனநல மருத்துவர் அசில்கானிடம் அழைத்துப்போனாள். அசில்கான் முழுக்கக் கேட்டுவிட்டு, “இதுக்குப் பேரு இருக்குண்ணே. வியாதி. மனசு பலவீனம் இல்ல, பேராசையும் இல்ல. ஆம்பளைங்களுக்கும் வரும்” என்றார்.

“மருந்து என்னம்மா?”

“முதல் மருந்து, காலையில சாப்பிடுங்க.”

“இன்னும் சாப்பிடவா?”

“பட்டினி கிடந்தா உடம்பு பழிவாங்கத்தான் செய்யும். மூணு வேளை, நடுவுல கொஞ்சம். சாப்பிட்டப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு எழுதிட்டு வாங்க. வாரம் ஒரு தடவை பேசுவோம்.”

முதல் வாரம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நோட்டில் ‘இன்று கஞ்சி. பயம்’ என்று எழுதினார். நாலாம் வாரம், ‘கஞ்சி. உப்பு குறைச்சல்’ என்று எழுதினார். அதைப் படித்து மருத்துவர் கைதட்டினார். நடுவில் இரண்டு முறை தோலோகோன் கால்வாய்க் கரைக்குப் போய்விட்டார், அதையும் எழுதினார். மருத்துவர் திட்டவில்லை. அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார். ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வசந்தத்தில் ஒரு விருந்தில் மைக்கை எடுத்து, “சொந்தங்களே, இப்ப கால் மணி நேரம் நான் சாப்பிடப் போறேன். அதுவரைக்கும் சம்பந்திங்க ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துட்டு இருங்க. பொய்யின்னாலும் பரவாயில்லை!” என்று சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். காது சிவந்தது. ஆனாலும் ஒரு துண்டு இறைச்சியை மெதுவாக மென்றார். மிளகு நன்றாகத் தெரிந்தது.

கோடையில் மருத்துவர் அவரை இதே வியாதி உள்ளவர்களின் குழுச் சந்திப்புக்கு அழைத்தார். ஏழு பேர், அவர் ஒருவர்தான் ஆண். யாரும் வாயைத் திறக்கவில்லை. மௌனம் தாங்காத தோலோகோன் எழுந்து, “அன்பார்ந்த விருந்தினர்களே!” என்று ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணே, உக்காருங்க. இது கல்யாணம் இல்ல” என்றார் அசில்கான்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து அடங்கியதும் ஜன்னலோரம் இருந்த, தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் சொல்றேன். எனக்கு இது பன்னெண்டு வருஷமா இருக்கு.”

தோலோகோன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.