முதல் ஞாயிறும் ஷிப்மென்ட்டும்

உங்கள் திருச்சபை மூப்பர்களில் ஒருவராவது காலனிக்காரரா, ஷிப்ட் வேலைக்குப் போகிறவரா? அவிநாசிபாளையம் பக்கத்துக் காலனியில் இருந்த நல்லானுக்கு 1989-இல் இந்தக் கேள்வி வந்தது. காரணம் அவருடைய அம்மா.

செல்லாத்தாள் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். இராப்போஜனத்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. போதகர் அதை நோயாளி வீட்டுக்குக் கொண்டு போவதென்றால் சபைப் பொறுப்பில் இருக்கும் மூப்பர் ஒருவர் உடன் போக வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். மூப்பர்கள் எல்லாரும் மேலத்தெருக்காரர்கள். காலனிக்கு என்றால் அவர்களுக்கு எப்போதும் ஏதாவது சோலி. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான். தலை காய்ந்ததும் ஜாதி திரும்பி வந்துவிடும்.

"காலனிக்குன்னு ஒரு மூப்பர் வேணுமுங்க," என்று நல்லான் போதகரிடம் போய் நின்றார்.

"அப்ப நீங்களே பயிற்சிக்கு வாங்க," என்றார் போதகர்.

சனிக்கிழமை சாயங்காலம் நிட்டிங் மிஷினை விட்டு, தலையெல்லாம் பஞ்சோடு வகுப்புக்கு ஓடுவார். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, சண்டைக்காரர்களை எப்படி உட்கார வைப்பது, திராட்சை ரசப் பாத்திரத்தைக் கை நடுங்காமல் எப்படி ஏந்துவது என்றெல்லாம் படித்தார். வீட்டில் டம்ளரில் தண்ணீர் நிரப்பி ஏந்திப் பழகுவார்.

"மூப்பருங்க, அப்படியே எனக்கொரு டீயும் ஏந்திட்டு வாங்க," என்பார் மனைவி மயிலாள். கட்டிலிலிருந்து செல்லாத்தாள் கோணிய வாயோடு சிரிப்பார்.

பயிற்சி முடிந்தது. புது மூப்பரின் பெயரை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பது முறை. இரண்டு ஞாயிறு யாரும் பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு பாக்கியநாதன் எழுந்தார். நல்லான் வேலை பார்த்த பனியன் கம்பெனி அவருடையது. கோயிலின் புதுக் கூரையும் அவர் போட்டது.

"நல்லான் நல்ல மனுசன், தப்பா நினைக்காதீங்க. ஆனா முதல் ஞாயிறு இராப்போஜனத்துக்கு முக்காவாசி வரதே இல்லீங்க. பந்திக்கே வராதவரு பாத்திரத்தை எப்படீங்க ஏந்துவாரு? முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

மாதக் கடைசி ஷிப்மென்ட் தள்ளிப் போகும்போதெல்லாம் முதல் ஞாயிறும் மிஷின் ஓடும். ஓட்டச் சொன்னவர் காரில் கோயிலுக்கு வந்துவிடுவார். ஓட்டுகிறவர் மிஷினோடு நிற்பார்.

நல்லான் வாயைத் திறந்தார். பெண்கள் பக்கம் மயிலாள் தெரிந்தார். அவருக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. அவரைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை அங்கேதான் போக வேண்டும். எல்லா முகமும் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. போதகர் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஆமாங்க. வரலீங்க," என்றார் நல்லான்.

பாக்கியநாதனின் மச்சான் மூப்பரானார். பயிற்சிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.

"மிஷினை ஓட்டச் சொன்னது ஆருன்னு ஒரு வார்த்தை கேட்டா என்னங்க? வாயில பசையா ஒட்டியிருந்துச்சு?" என்று மயிலாள் வழியெல்லாம் பொரிந்தார்.

"நீ கேட்டிருக்கலாமுல்ல?"

மயிலாள் நடையை எட்டிப் போட்டார்.

மகன் மூப்பராகிப் பாத்திரத்தோடு வருவான் என்று வீட்டில் செல்லாத்தாள் வெள்ளைச் சேலை கட்டிவிடச் சொல்லிக் காத்திருந்தார். "பாத்திரம் எங்க கண்ணு?"

"அடுத்த மாசமுங்கம்மா."

அந்த மாதம் வருவதற்குள் செல்லாத்தாள் கண்ணை மூடிவிட்டார்.

சாமி உண்டா இல்லையா என்ற வாதம் இருக்கட்டும். அடுத்த முறை உங்கள் சபையில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும்போது புத்தகத்துக்குள் முகத்தைப் புதைக்காதீர்கள். எழுந்து நின்று, மிஷினை ஓட்டச் சொன்னது யார் என்று கேளுங்கள்.