வைகாசிப் பூரணையில் வந்த வீரக்குட்டி

திருகோணமலை வீரக்குட்டியின் கடைக்குட்டி தவமலர். தகப்பன் எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனபோது தாயின் வயிற்றில் இருந்தவள். நாற்பத்திரண்டில், உலக யுத்தத்துக்குள், மடகாஸ்கர் துறைமுகத்தில் கப்பல் அடிபட்டது, ஆள் இல்லை என்று மட்டும் செய்தி வந்தது. எந்த நாள், என்ன திதி, ஒருவருக்கும் தெரியாது. திதி தெரியாத தகப்பனுக்கு ஆடி அமாவாசைதானே. தமையன் இராசதுரை வளர்ந்ததும் அந்த விரதத்தைப் பிடித்தார். எண்பத்து நாலில் இருவரும் கனடா வந்த பிறகும் ஏரிக்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தவமலருக்குத்தான் மனம் ஆறவில்லை. ஊரிலுள்ள எல்லா அப்பாமாரும் வருகிற நாளில், முகமே காணாத தன் அப்பாவை எப்படிப் பிரித்தறிவது?

வோபர்ன் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு மேசை துடைப்பது அவள் வேலை. அங்கே ஹியூ என்றொரு கிழவர், போர்க்கப்பலில் இருந்தவர். எண்பத்தாறு மார்கழியில் ஒரு நாள் அவளிடம் ஊரைக் கேட்டார். திருகோணமலை என்றதும், தன் கப்பல் அங்கே நின்றது, மடகாஸ்கரிலும் நின்றது என்றார். அவள் துணியை வைத்துவிட்டு, அங்கே எண்ணெய்க் கப்பலோடு போன தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அவளுடைய ஆங்கிலம் அரைகுறை. ஆகவே கிழவர் மேசையில் இருந்தவற்றை வைத்தே காட்டினார். சாப்பாட்டுத் தட்டம் துறைமுகம். மிளகுக் குப்பி அவருடைய கப்பல், உப்புக் குப்பி எண்ணெய்க் கப்பல். தேக்கரண்டியை மெல்ல உள்ளே விட்டார். இரண்டே பேர் முடங்கி இருக்கக்கூடிய யப்பான்காரரின் குட்டி நீர்மூழ்கியாம். பெரிய நீர்மூழ்கியொன்று முதுகில் சுமந்து வந்து வெளிக்கடலில் இறக்கிவிட்டதாம். அதன் முதல் அடி மிளகில் பட்டது. இரண்டாவதும் மிளகுக்கு வந்ததுதான். தப்பி ஓட வெளிக்கிட்ட உப்பு குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது.

அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். கரையேறினார்கள், பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவர்களைச் சுட்டுவிட்டார்கள் என்றார் கிழவர். அதற்குப் பிறகு கோப்பையின் அடியிலிருந்த வெள்ளைச் சோசரை எடுத்துத் தட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார். விளக்கா என்று கேட்டாள். கிழவர் தலையாட்டி மறுத்து, ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினார். முழு நிலவு. அந்த வெளிச்சத்தில்தான் குட்டி நீர்மூழ்கியின் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்ததாம். மே மாதக் கடைசியாம்.

மே கடைசி என்றால் வைகாசி. வைகாசிப் பூரணை.

அன்றே ஒஷாவாவுக்குப் போன் எடுத்து, கிழவர் காட்டியதெல்லாம் தமையனுக்குச் சொன்னாள். அவர் சொன்னார்:

"இத்தனை வருசமா அமாவாசையில வந்து சாப்பிட்ட மனுசன். இப்ப பூரணையில வா எண்டால் அவருக்கு வழி தெரியுமோ?"

"இருட்டில கனடா வரைக்கும் வந்தவர், அண்ணை. நிலவில வரமாட்டாரோ?"

இராசதுரை சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. ஆடி அமாவாசையை விடமாட்டேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வைகாசிப் பூரணையன்று தவமலர் தனியாகத்தான் சமைத்தாள். படைக்கப்போகும் நேரம் கதவு தட்டுப்பட்டது. தமையன், குளித்து வேட்டி கட்டி, வாழையிலையோடு நின்றார்.

"அமாவாசையும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். கப்பல் வேலைக்காரன், பசி கூட."

மறுநாள் ஹியூவுக்கு இரண்டு வடை கொண்டுபோனாள். என்ன விசேஷம் என்று கேட்டார். தவமலர் சோசரை எடுத்து அவர் தலைக்கு மேலே பிடித்தாள்.