வேட்டி மடியில் வந்த கடல் நத்தை

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம். மூத்தவனுக்கு அங்கே முடியிறக்கிவிட்டுக் கடலில் குளித்தபோது, மணலில் அரைகுறையாகப் புதைந்திருந்த நத்தை ஒன்றை எடுத்தார். பத்தமடைப் பாயின் ஓரத்தில் நெய்த மாதிரி மேலெல்லாம் கோலம், அவ்வளவு அழகு. பிள்ளையைத் தூக்க வேண்டியிருந்ததால் அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டார். ஆற்று நத்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்; அது யாரை என்ன செய்தது?

வண்டி ஏறும்போது, "இடுப்புல ஏதோ குத்துது" என்றார்.

"கண்டதையும் மடியில கட்டினா குத்தாம என்ன செய்யும்?" என்று சிரித்தேன்.

அவிழ்த்துப் பார்த்தால் நத்தையின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு தும்பிக்கை நீண்டு துழாவிக்கொண்டிருந்தது. மாமனார் அதைப் பிடுங்கித் தூர எறிந்தார். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு வண்டி கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் உதடு மரத்துவிட்டது என்றார். மாமியார் மிளகைக் கடிக்கக் கொடுத்தார், காரம் தெரியவில்லை. பேச்சு குழறியது, இமை இறங்கியது, பிறகு கழுத்தே நிற்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி இருந்தது. இருந்து என்ன, எங்கள் ஊரையும் தாண்டி எவ்வளவோ தூரம். மாடு மாட்டு நடைதான் நடக்கும். அந்த மாடுகளைக் கொன்றுபோடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆழ்வார்திருநகரிப் பக்கம், ஆற்றங்கரையில் மாமனார் மகனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். "வண்டியை நிறுத்துலே. முடிஞ்சு போச்சு" என்றார். வெளியில் போன உயிர், உடலை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது, இங்கனயே காரியத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வண்டிக்காரரிடம் விறகுக்கு வழி கேட்டார். மாமியார் என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாரி எடுத்து, "சாமிக்கு அடிச்ச மொட்டை கொள்ளி வைக்கவா ஆச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"மூச்சு இருக்கு, பைய வருது" என்று கத்தினேன். கட்டினவளுக்கு அப்படித்தான் தோன்றும் என்பதுபோலப் பார்த்தார்கள். அவர் மூக்கடியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய? படுவது மூச்சா, ஆற்றுக் காற்றா என்று சில சமயம் எனக்கே தெரியவில்லை.

விறகுக்குப் போன வண்டிக்காரர் திரும்புவதற்குள், பொழுது சாயும் நேரத்தில், இமை துடித்தது.

நத்தையின் விஷம் தானாக இறங்கிப் பிழைத்துக்கொண்டார். பேச்சு நன்றாகத் திரும்பிய பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சு. விறகு பேசினது, அம்மை அழுதது எல்லாம். சாகலைன்னு சொல்லத்தான் வாய் வரலை."

"ரொம்பப் பயந்துட்டியளா?" என்றேன்.

"உன் கை மூக்குல இருந்துச்சுல்லா. நீயும் எடுத்துருவியோன்னுதான்."