சுரங்க லாரிக்கு முன்னால் நின்ற பேச்சியம்மாள்

தூத்துக்குடி துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கிய சுரங்க லாரி ஒன்றை எங்கள் டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. காலை பத்து மணி இருக்கும். கிரேன் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கன்டெய்னர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கேட்டேன். எம். புதுப்பட்டியிலிருந்து, என்னோடு வேலை பார்த்த கருப்பசாமியின் மனைவி மாரியம்மாள் பேசினார்.

“அண்ணே, பேச்சி அக்கா போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

மூன்று பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. மாலைகளுக்கு நடுவே ஆளுயரத்தில் ஒரு மலர்வளையம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் ரிப்பனில் இருந்த பெயரைப் படித்தேன். நானும் பேச்சியம்மாளும் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பழைய மேலாளர் பெயர். அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைச் சாக்கடையில் போட்டேன். பெரியவர் ஒருவர், “எளவு வீட்ல இப்படிச் செய்யலாமாய்யா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன் மாரியம்மாள் சொன்னார்: “அக்கா எந்திரிச்சு வந்தா அதையே மிதிச்சிருப்பாக. விடுங்க.”

ஆகவே, அவரோடு பழகிய டிரைவர்களே, கம்பு பிடித்தவர்களே, மின்வாரியத் தோழர்களே, அவர் ஆன்மா சாந்தியடையட்டும் என்று நான் எழுதப்போவதில்லை. பேச்சியம்மாள் சாந்தமாக வாழ்ந்தவரும் அல்ல.

அவரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். சுரங்கத்தில் ஓடும் லாரி நம் சாலையில் ஓடும் லாரி அல்ல. அதன் ஒரு டயரே ஆளைவிட உயரம். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, மிச்சத்தை வரிசை வரிசையாய்ச் சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றி, ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பு ஒருவர் அந்த வழி முழுக்கப் போய், ஒவ்வொரு பாலத்தையும் வளைவையும் தலைக்கு மேல் போகும் வயரையும் அளந்து எழுத வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் பேச்சியம்மாள். பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பெண். கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தவர், அளக்கப் போகிறவர் ஒருநாள் வராததால் தானே அளவுக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறகு அந்தக் கம்பை அவரிடமிருந்து யாரும் வாங்கவில்லை.

ஒருமுறை திருத்தங்கலில் அச்சகம் ஒன்றின் பெயர்ப்பலகை சாலைப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றச் சொன்னதற்கு உரிமையாளர் குதித்தார். “காலண்டர் சீசன்ல போர்டக் களட்டச் சொல்றீக. ஆர்டர் கொடுக்க வர்றவன் எந்தக் கடைன்னு தேடுவான்?”

“நான் நின்னு சொல்லுதேன், இதுதான் கடைன்னு” என்றார் பேச்சியம்மாள். சொன்னபடியே, எங்கள் வண்டி தாண்டிப் போகும்வரை அரைநாள் வெயிலில் அந்த வாசலில் நின்று வருவோர் போவோரையெல்லாம் உள்ளே அனுப்பினார். அந்த உரிமையாளரும் பேச்சியம்மாள் இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

கருப்பசாமியை எங்களிடம் கொண்டுவந்தவரும் அவர்தான். மாரியம்மாளின் கணவர். பதினைந்து ஆண்டுகள் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். பேச்சியம்மாள் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்: “அங்கன கெடந்தா என்னைக்காச்சும் வெந்துருவ. இங்கன வா. வண்டி மேல நின்னு கம்பால வயரத் தூக்கிவிடுற வேலை. தீ கெடையாது.” அந்தக் கடைசிச் சொற்களைப் பேச்சியம்மாள் பிறகு என்னிடம் எத்தனையோ முறை திருப்பிச் சொன்னார். தன்னையே அறைந்துகொள்வதுபோல் சொல்வார்.

அந்த நாளுக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போக வேண்டிய லாரி என் டிரெய்லரில் இருந்தது. சாத்தூர் தாண்டிச் சிவகாசிக்கு முன்னால் ஓர் ஊரில் உயரழுத்த லைன் தாழ்வாகப் போனது. பேச்சியம்மாள் தன் அறிக்கையில் அதன் உயரம் பத்தொன்பது அடி என்று எழுதி, எல்.சி. வாங்காமல் கடக்கக் கூடாது என்று அடிக்கோடும் போட்டிருந்தார். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனில் மின்சாரத்தை நிறுத்தி வாங்குவதைத்தான் நாங்கள் எல்.சி. என்போம். அன்று மேலாளர் அவரை வேறு லோடு பார்க்கத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார். நான் லைனுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மேலாளருக்குப் போன் போட்டேன்.

“எல்.சி. வாங்கியாச்சு. போய்க்கிட்டே இரு” என்றார்.

கருப்பசாமி மேலே ஏறினார். நான் வண்டியை நகர்த்தினேன். எல்.சி. வாங்கவே இல்லை. கேட்டு ஒரு மனுகூடப் போகவில்லை. உச்சி வெயிலில் அவ்வளவு பேர் பார்க்க, பட்டாசுக்குத் தப்பி வந்த மனிதர் என் தலைக்கு மேல் வெந்துபோனார்.

அறுந்த லைனை மறுநாளே உயர்த்திக் கட்டினார்கள். அளந்து பார்க்க எதுவும் மிச்சமில்லை. விசாரணையில் மேலாளர் காட்டிய அறிக்கையில் அந்தப் பக்கம் மாறியிருந்தது. இருபத்திரண்டு அடி, தடையில்லை என்று இருந்தது. தான் எழுதிய பக்கத்தைப் பேச்சியம்மாள் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அது பிறகு எழுதி எடுத்த படம் என்று மேலாளர் சாதித்தார். மிச்சமிருந்த ஒரே சாட்சி நான்.

விசாரணைக்கு முந்தின நாள் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டிருந்தார். “வண்டிய நகத்துனது நீ. உள்ள போறது நீயா அந்தப் பொம்பளையான்னு யோசிச்சுக்கோ” என்றார். நான் யோசித்தேன். விசாரணை அதிகாரி கேட்டபோது, “சர்வே பண்ணுன அம்மாதான் தடையில்ல, போகலாம்னு சொன்னாக” என்றேன். எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். இதை இவ்வளவு காலம் உங்களில் பலரிடம் நான் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே மரத்தடியில் பேச்சியம்மாள் நின்றிருந்தார். வேலை போய்விட்டது என்ற கடிதம் கையில் இருந்தது. அழுகை இல்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: “கையெழுத்துப் போட்டுட்டீகளாண்ணே? சரி. என்னைக்குத் திருப்பி வாங்கணும்னு நான் சொல்லுதேன்.”

அன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவர் அந்தக் கம்பெனியை விடவில்லை. அதன் லோடு எது இந்த மாவட்டத்துக்குள் வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பழைய ஸ்கூட்டரில் கம்பைக் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் ஓய்வுக்கு நிறுத்திய இடத்தில் லோடை அளப்பார். அனுமதிச் சீட்டில் உள்ள அளவுக்கும் நிஜ அளவுக்கும் வித்தியாசம் இருந்தால், நேரே சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பார். வித்தியாசம் எப்போதும் இருந்தது. வண்டி நிற்கும். அவற்றில் பல நான் ஓட்டிய வண்டிகள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அளந்துவிட்டுப் போவார். அளவைத் தவிர ஒரு பொய்க் குற்றச்சாட்டும் அவர் எழுதியதில்லை. “நான் பொய் எளுதுனா அவனும் நானும் ஒண்ணாயிருவோம்” என்பார்.

மாரியம்மாளே ஒருநாள், “போதும்க்கா, ஒடம்பு கெட்டுப்போகும்” என்று சொல்லியிருக்கிறார். “ஒனக்குப் போதும்னா நீ இரு. எனக்கு இன்னும் போதல” என்று பதில் வந்திருக்கிறது.

கடைசியில் அவருக்குப் பயந்து மேலாளர் வழியை மாற்றினார். சாத்தூரில் திரும்பாமல் விருதுநகர் வரை போய்ச் சுற்றி வரச் சொன்னார். சுரங்கத்தில் பந்தல் போட்டு, பெரிய மனிதர்களை அழைத்து, புது லாரிகளை ஓட்டிக் காட்டும் விழா வைத்திருந்தார்கள். திருத்தங்கல் ரயில்வே கேட்டுக்கு முன்னால் பேச்சியம்மாள் நின்றார். லோடு அனுமதிச் சீட்டில் உள்ளதைவிட ஒன்றரை அடி உயரம் என்ற மனு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அளவுக்குப் புது அனுமதி வரும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள் அதிகாரிகள். வண்டியைச் சாலையோரம் ஒதுக்கினேன். விழா நாள் வந்து போனது. எட்டாம் நாள் மேலாளரே காரில் வந்து இறங்கினார். அப்போது கம்பெனியில் அவர் இன்னும் பெரிய பதவியில் இருந்தார்.

பேச்சியம்மாள் வண்டி நிழலில் நின்றிருந்தார். மேலாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஒனக்கு என்னம்மா வேணும்? சொல்லு, செஞ்சிருவோம்” என்றார்.

வண்டிக்கு மேலே குறுக்காக ஒரு லைன் போனது. அதைக் காட்டிப் பேச்சியம்மாள் சொன்னார்: “மேல ஏறுங்க. ஏறி அந்த வயரக் கம்பால தூக்கிப் பிடிங்க. நான் மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

“வெளையாடுறியா?”

“எல்.சி. வாங்கியாச்சு. ஏறுங்க.”

பட்டாசு ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சுற்றி நின்றார்கள். மின்வாரிய ஆட்கள் நின்றார்கள். மேலாளர் அந்த லைனை அண்ணாந்து பார்த்தார். “வாங்கிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“கருப்பசாமிக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் பேச்சியம்மாள்.

மேலாளரின் வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தது இன்றும் எனக்குத் தித்திப்பாக இருக்கிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பிறகு பேச்சியம்மாள் ஐந்து ஆண்டுகளில் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இப்ப சொல்லுங்க.”

கேபினிலிருந்து இறங்கி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். போனில் மேலாளர் சொன்னது, அறையில் மிரட்டியது, நான் போட்ட பொய்க் கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்தே பஸ் ஏறி சூலக்கரைக்குப் போய் எழுதியும் கொடுத்தேன். உண்மையில் அன்று காலையிலிருந்தே அந்த லைனில் மின்சாரம் இல்லை. பேச்சியம்மாள் அதை முன்கூட்டியே உறுதி செய்திருந்தார். பின்னொரு நாள் அதைப் பற்றிக் கேட்டேன். “கரண்டு இருக்கையில ஆள ஏத்த நான் என்ன அவனா?” என்றார்.

கம்பெனி மேலாளரை வெளியேற்றியது. வழக்கு திரும்ப உயிர் பெற்று இரண்டு ஆண்டுகளாக நடக்கிறது. அவர் ஜாமீனில் இருக்கிறார். வழக்குப் போட்ட பெண் இறந்ததும் பூ அனுப்புகிற துணிச்சல் அவருக்கு வந்திருக்கிறது. சமாதானமாகப் போகலாம் என்று எனக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார். எதிரி ஒருவர் குறைந்துவிட்டார் என்று கணக்குப் போடுகிறார் போலும். இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

சென்ற தீபாவளிக்கு முன்பு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்தார். வெகுநாள் மனதில் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன்: “தாயி, என்னைய மன்னிச்சிட்டியா?”

டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

“இல்லண்ணே. ஒங்க மேல வெறுப்பு கெடையாது. ஆனா மன்னிக்க மாட்டேன். மன்னிச்சா நீங்க நிம்மதியாத் தூங்கிருவீக. சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் முளிச்சிருங்க.”

அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். மன்னிக்க இனி அவர் இல்லை. அடுத்த வாய்தா தை மாதம். நான் விழித்திருக்கிறேன்.