பால்சோறு வேண்டாம் என்ற சித்தி

எங்கள் சித்திக்கு ஒரு சின்னப் பொய் சொல்ல வராததால், ஒரு பகல் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். யுத்தம் வடக்கே நடந்தது. எங்களுக்கு அது ரேடியோவில்தான் கேட்டது.

ஒரு நாள், வடக்கே ஒரு நகரத்தின் மேல் விமானங்கள் குண்டு போட்டதாகச் செய்தி வந்தது. கடைத்தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் இடத்துக்குக் கண்டக்டர் ஐயா ஒரு தட்டு நிறைய, சந்தோஷ நாளில் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிற பால்சோறு கொண்டுவந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற சிங்களவர், நல்ல மனிதர். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். எல்லோரும் வாங்கினார்கள். பயந்து வாங்கியவர்களும் உண்டு. அம்மா தன் துண்டை என் கையில் வைத்தாள். சித்தி மட்டும் பால் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"வேணாங்க ஐயா. சனங்க இருக்கிற ஊருல குண்டு போட்டதுக்கு எனக்குச் சோறு எறங்காது."

"இப்பிடிப் போட்டாத்தானே நங்கி சண்டை சுருக்கா முடியும்? என் மகன் வீட்டுக்கு வருவான்தானே?" தங்கச்சி என்பதைத்தான் அவர் சிங்களத்தில் நங்கி என்பார்.

"ஒங்க மகன் நல்லபடியா வரணும்னு நானும் கும்புடுறேங்க. அதுக்கு அங்க இருக்கிற புள்ளைங்க எதுக்குங்க சாகணும்?"

சித்தி புலிகளுக்காகப் பேசுகிறாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மாமாவுக்குத்தான் உண்மை தெரியும். கொழும்பில் பஸ்ஸில் குண்டு வெடித்த அன்று, "அவனுங்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்" என்ற மாமாவின் முன்னால் இருந்த சோற்றுத் தட்டைச் சித்தி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "பஸ்ஸுல போனவங்க ஒனக்கு என்னண்ணே செஞ்சாங்க?" அதற்குப் பிறகு ரொம்ப நாள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பொலிஸ் ஜீப் வந்து சித்தியைக் கூட்டிப்போனது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்டக்டர் ஐயா எங்களுக்கு முன்பே அங்கே நின்று அதிகாரியிடம் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாவம், அவளுக்கு நேற்று வயிற்று வலி, அதனால்தான் வாங்கவில்லை என்றார். அப்படியா என்று அதிகாரி சித்தியைப் பார்த்துக் கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

தனக்கு வயிற்று வலி எதுவும் இல்லை என்று சித்தி நல்ல சிங்களத்தில், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஊர்மேல் குண்டு போட்டதற்காகத்தான் வாங்கவில்லை, பஸ்ஸில் குண்டு வைத்தவன் நீட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன் என்றாள். கண்டக்டர் ஐயா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி மேசையைத் தட்டிக் கத்தினார். பொழுது சாயும்வரை அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் போகச் சொன்னார்கள். அதுவரை கண்டக்டர் ஐயாவும் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே அழுதாள். சித்தி நிமிர்ந்து நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலின்னே சொல்லியிருக்கலாம்ல சித்தி?" என்றேன்.

"வயித்து வலின்னா நாளைக்குச் சரியாப் போயிரும்டி" என்றாள்.

சரியாகப் போனால் நல்லதுதானே, அப்போது கேட்டால் ஐயா இன்னொரு துண்டு தரமாட்டாரா என்றுதான் எனக்குத் தோன்றியது.