எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கேசட்

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் ஊரில் நேரம் நகராது. கடல்காற்று மட்டும் முடுக்குக்குள் நுழைந்து, கொடியில் கிடக்கும் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போகும். முடுக்கு என்பது இரண்டு வரிசை வீடுகளின் புறவாசல்களுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய சந்து. அது பெண்களின் பாதை; ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு ஒரு ஆணாவது வளைகுடாவில் இருந்த ஊர் அது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரியாத்துக்குத் திரும்பிப் போன என் மாப்பிள்ளை ஒரு டேப் ரிக்கார்டரை வீட்டில் விட்டுப் போயிருந்தார். அதில் பேசித்தான் அவருக்குக் கேசட் அனுப்புவேன். போனில் பேசுவதைவிட மலிவு என்பதால் ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாட்கள் இப்போது அரைத்தூக்கத்தில் கண்டதுபோலத்தான் வருகின்றன. எது முன்னால், எது பின்னால் என்று எனக்கே சில நேரம் குழம்பும். ஆனால் லாத்தாவின் வயிறு மட்டும் கண் முன்னால் நிற்கிறது. லாத்தா என் கூடப்பிறந்த அக்கா. அப்போது அவளுக்கு ஆறு மாதம். அதற்கு முந்தின பிள்ளை வீட்டுக்கு வரவேயில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் மாற்றலாகிப் போய், அந்த நாற்காலி இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. வலி வந்ததும் வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்கு ஓடினோம். பாதி வழியில், காரிலேயே பிறந்தது; உயிரில்லை என்றார்கள். இந்தப் பிள்ளையும் அதே ரோட்டில்தான் பிறக்குமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் சோற்றோடும் தண்ணீரோடும் கலந்து கிடந்தது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொண்டு போனார். இரண்டு முறை ‘பரிசீலனையில் உள்ளது’ என்று தாள் வந்தது. மூன்றாவது முறை தாள்கூட இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த உதவியாளர் சிரித்திருக்கிறார்.

“பொம்பள டாக்டர் வேணும்னு ஆம்பளைகளே வந்து நிக்கீங்களே வே. உங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு வாய் கெடையாதா?”

மாமா இதை வந்து சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். கையிலிருந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எங்களுக்கா வாய் கிடையாது? ஒரு சாயங்காலம் எங்கள் முடுக்கில் அந்த ஆள் காதைக் கொடுத்துப் பார்க்கட்டும்!

“கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, நான் கொண்டு போறேன்” என்றார் மாமா.

“அதையும் நீங்களே போட்டியன்னு சொல்லுவான் மாமா. எங்க கொரல நீங்க போட முடியுமா? கேசட்ல பேசித் தாரோம்.”

மாமா தாடியைத் தடவினார். பிறகு வீட்டுக்குப் போய், தேர்தலின்போது வாக்குச்சாவடியில் வைத்திருந்த வாக்காளர் பட்டியலைத் தேடி எடுத்து வந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம், வரிசை எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கேட்டால் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் தூக்கம் கலையும் என்றார். அதைச் சொன்னதற்காகவே அவருக்கு ஒரு தம்ளர் காப்பி கூடக் கொடுத்தேன்.

பெண்கள் தொழும் தைக்காவில், அஸர் தொழுகை முடிந்து கூடினோம். சன்னல் வழியே சாய்ந்த வெயில் பாயின் மேல் கிடந்தது. டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஊமையானார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு மாமி துணிந்து ஆரம்பித்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? வேளைக்குச் சாப்பிடுங்கோ. வெயில்ல ரொம்ப அலையாதீங்கோ...”

தைக்காவே குலுங்கிச் சிரித்தது. இருபது வருஷமாக ஜித்தாவிலிருக்கும் தன் வீட்டுக்காரரிடம் கேசட்டில் பேசிப் பழகிய வாய். பொத்தானை அமுக்கினால் வேறென்ன வரும்? அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொருத்தராக எண்ணைச் சொன்னார்கள். டாக்டர் இல்லாமல் பட்ட பாட்டைச் சொன்னார்கள். ஒருத்திக்குப் பட்டியலில் பத்து வயது குறைத்துப் போட்டிருந்தது. “அத மட்டும் திருத்த வேண்டாம்” என்று அதையும் கேசட்டில் சொன்னாள்.

லாத்தா கடைசியில் உட்கார்ந்திருந்தாள். எண்ணைச் சொன்னாள். அப்புறம் நாடா மட்டும் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாமா என்று கை கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் புள்ள மவுத்தா பொறக்கல. எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன். அது உசுரோட பொறந்திச்சு. கார்ல ரெண்டு தடவ அழுதிச்சு. என் மடியில, என் கையிலதான் கெடந்திச்சு. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச ஒரு ஆள் அந்தக் கார்ல இல்ல. அந்த ஆளத்தான் கேக்கோம்.”

அவ்வளவுதான். அந்தக் காரில் உம்மாவும் அவளும் மட்டும் பின்னால் இருந்தார்கள். முன் ஸீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கே அந்த அழுகை தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. உம்மா முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

மச்சான், லாத்தாவின் மாப்பிள்ளை, அப்போது துபாயில் இருந்தார். அன்று வீட்டில் அவளிடம் கேட்டேன். மச்சானுக்கு இது தெரியாதே. தூர தேசத்தில் தனியாகக் கிடக்கிற மனிதர் தாங்கமாட்டார் என்றுதானே மறைத்தாய். கேசட் பத்துப் பேர் கைக்குப் போனால் அவர் காதுக்கும் போய்விடும், உன் பேச்சை மட்டும் அழித்துவிடட்டுமா என்றேன். அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

“அழிச்சா அதுல என்ன மிஞ்சும்? சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களாதான் மிஞ்சும்” என்றாள். “மச்சானுக்கு நானே சொல்லிக்கிறேன்.”

அதே வாரம் துபாய்க்கு இன்னொரு கேசட் போனது. அதில் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மச்சானிடமிருந்து பதிலுக்கு வந்ததை அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது.

மாமா கொண்டு கொடுத்த எங்கள் கேசட்டை எம்.எல்.ஏ. கேட்ட விதத்தை அவருடைய டிரைவர்தான் பிறகு மாமாவிடம் சொன்னார். ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் காரில் போட்டிருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கோ என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். எண்கள் வர வர சிரிப்பு அடங்கியதாம். லாத்தா பேசி முடித்ததும் வாழைத்தோட்டம் ஒன்றின் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மறுபடி ஒரு தடவை போடச் சொன்னாராம்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். மாமா கூட்டிவந்து முடுக்கு முனையில் நிறுத்தினார். அதற்கு மேல் அவர் வரவில்லை. நாங்கள் கதவுகளை ஒருக்களித்து, பின்னால் நின்றோம். அவர் கண்ணுக்கு வரிசையாகக் கதவுகள்தான் தெரிந்திருக்கும்.

“தாய்மாரே, நான் வந்திருக்கேன். உத்தரவு வாங்கியாச்சு. திங்கக்கெழம பொம்பள டாக்டர் வந்துருவாங்க.”

அவர் திரும்பப் போகும் சமயத்தில் லாத்தா கேட்டாள்.

“எத்தன மணிக்கு?”

அவர் அப்படியே நின்றுவிட்டார். மாமா சொன்னார், அந்தக் குரலைக் கேட்டதும் மனுஷர் முகமே மாறிவிட்டது என்று.

“எட்டு மணிக்குத் தாயி.”

“வரலேன்னா?”

தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “வரலேன்னா நானே இங்கன வந்து நின்னு பதில் சொல்லுதேன்.”

திங்கட்கிழமை டாக்டர் வரவில்லை. வியாழக்கிழமைதான் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் லாத்தாவின் மகள் அவர் கையில்தான் பிறந்தாள். அவள் அழுதது கடற்கரை வரை கேட்டது என்று உம்மா சொல்லுவார், சுத்தப் பொய். ஆனாலும் எனக்கு நினைப்பு வருவதென்னவோ அந்தத் திங்கட்கிழமைதான்.

வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். யார் வருவார், பொய்த்துப்போன வாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு? பத்து மணிக்கு வந்தார். கொடி கட்டிய கார் இல்லை, கூட ஆள் இல்லை. முடுக்கு முனையில் நிழல் கிடையாது. டாக்டர் இன்னும் அவருடைய ஊரிலிருந்து கிளம்பவில்லை, தவறு என்னுடையது, ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றார். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்லச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறியது. பன்னிரண்டு மணி வாக்கில் எல்லாரும் பேசி ஓய்ந்தபிறகும் அவர் போகவில்லை. யாராவது போகச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தார்போல.

உம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “அல்லாவே, எவ்வளவு நேரந்தான் நிப்பாரு, பாவம். போயிட்டு வாங்கோன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன் புள்ளே” என்றார்.

லாத்தா ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நன்னாரி சர்பத் கலக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பெரிய தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

“மாமாட்டக் குடுத்து அவருக்குக் குடிக்கக் குடுக்கச் சொல்லு” என்றாள். “போகச் சொல்லாத.”